கை வைக்கிற இடத்துக் கலர்

போன வாரம் பர்ஸானா போன் செய்தாள். எங்கள் பழைய கடையில் எனக்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்த பெண். இப்போது நகரத்தின் தெற்குப் பக்கம் ஒரு பெரிய கம்பெனியில் இணையதளங்களை வடிவமைக்கிறாள். அங்கே புதியவர்களுக்கு வகுப்பு எடுத்தார்களாம். ஒரு தளத்துக்குக் கலர் எப்படித் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதற்கு உதாரணமாக, மீன் விற்கும் தளம் ஒன்றைத் திரையில் காட்டினார்களாம்.

“அக்கா, அது உங்க கனகாம்பரம்க்கா. நம்ம அக்கா வெச்ச கலருன்னு சொன்னேன், ஒருத்தரும் நம்பல. எப்படி எடுத்தீங்கன்னு எழுதிக் குடுங்க. இப்ப வர்ற பசங்க கம்ப்யூட்டர் கிட்டயே கேக்குறாங்க. அது நாலஞ்சு கலர் எடுத்துக் குடுக்குது, அப்படியே ஒட்டிட்டுப் போயிடறாங்க” என்றாள்.

சரி என்று சொல்லிவிட்டேன். எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. வேலை பார்த்த வருஷங்கள் எல்லாம் மானிட்டருக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டே போய்விட்டன. எழுத ஓரளவு வரும். ஆனால் பர்ஸானா எதிர்பார்ப்பது இதில் இருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை.

பன்னிரண்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. கல்மண்டபத்தில் ஒரு ஸ்கிரீன் பிரிண்டிங் கடையில் மை கலக்கச் சேர்ந்தேன். கல்யாணப் பத்திரிகை, பைகள், ஸ்டிக்கர். டப்பாவில் இருக்கும்போது மை ஒரு கலர், காகிதத்தில் காய்ந்த பிறகு வேறு கலர். அங்கே கற்றது அவ்வளவுதான். பிறகு கம்ப்யூட்டரில் பத்திரிகை அடித்தேன். பிறகு டோல்கேட்டில் யூசுப் பாய் கடையில் சேர்ந்து, கடை மூடும்வரை அங்கேயே இருந்தேன்.

மருந்துக் கடைக்கு மேலே, குறுகலான படி ஏறிப் போனால் எங்கள் கடை. துறைமுகத்தை நம்பிப் பிழைக்கிற சின்னச் சின்ன கம்பெனிகளுக்கு இணையதளம் செய்து கொடுத்தோம். கன்டெய்னர் யார்டு, கப்பலுக்குச் சாமான் சப்ளை செய்கிறவர்கள், கஸ்டம்ஸ் ஏஜென்ட்கள், லாரி ஆபீஸ்கள். வாடிக்கையாளரிடம் பாய் பேசுவார். கலர் என் பொறுப்பு.

பாய் யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை. நான் செய்த பக்கம் பிடிக்கவில்லை என்றால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி சட்டை நுனியில் துடைப்பார். ஒருமுறை துடைத்தால் கொஞ்சம் திருத்த வேண்டும். போட்டுப் பார்த்துவிட்டு மறுபடியும் கழற்றித் துடைத்தால், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். “கண்ணாடிதான்மா அழுக்கு, நீ ஒண்ணும் நெனச்சுக்காத” என்பார்.

அவர் வைத்திருந்த முறை இது. ஒரு தளத்துக்கு மூன்று கலருக்கு மேல் கூடாது. பரவிக் கிடக்கிற கலர் ஒன்று, அதன்மேல் எழுத்துக்கு ஒன்று. மூன்றாவதற்கு அவர் வைத்த பெயர் கைக்கலர். பார்க்கிறவன் எந்த இடத்தில் கை வைத்து அழுத்த வேண்டுமோ அங்கே மட்டும்தான் அது வரலாம். தலைப்பு அழகாக இருக்கும் என்று அங்கே கொஞ்சம், ஓரத்தில் கோடு போடக் கொஞ்சம் என்று இறைத்துவிட்டால் அதற்கு மதிப்புப் போய்விடும். “கண்ணு முதல்ல அங்க போவணும். அப்பால தானா கையும் போவும்” என்பார்.

பக்கம் முடிந்ததும் கலரையெல்லாம் எடுத்துவிட்டுக் கருப்பு வெள்ளையில் பார்க்கச் சொல்வார். அப்போதும் பொத்தான் தனியாகத் தெரிய வேண்டும். கலர் பிரித்துப் பார்க்க முடியாத கண்களும் ஊரில் உண்டு, அவர்களும் லாரி புக் செய்வார்கள் என்பார். அதன் பிறகு, கீறல் விழுந்த ஒரு பழைய போனை என் கையில் கொடுத்து மொட்டை மாடிக்கு அனுப்புவார். உச்சி வெயிலில் நின்று பார்க்க வேண்டும். ஏசி அறையில் அழகாக இருந்த எத்தனையோ கலர்கள் அந்த வெயிலில் சோகை பிடித்து வெளுத்துப் போயிருக்கின்றன.

ஒரு கஸ்டம்ஸ் ஏஜென்ட், தன் தளத்தில் எல்லாக் கலரும் இருக்க வேண்டும் என்று அடம் பிடித்தார். “காசு குடுக்கறேன்ல, இன்னா கஞ்சத்தனம்? அள்ளிப் போடு” என்றார். பாய் நிதானமாகச் சொன்னார். “போட்டுடலாம் சார். அப்பால பட்டுச் சேலைக் கடைன்னு நெனச்சுகினு பொம்பளைங்க போன் பண்ணா, நீங்கதான் பார்டர் வெல சொல்லணும்.” அவர் சிரித்துவிட்டு இரண்டு கலருக்கு இறங்கி வந்தார்.

இன்னொருவர் அமரர் ஊர்தி வைத்திருந்தார். அவருக்கு ஊதா கலரில் மாலையும் விளக்கும் வைத்து ஒரு பக்கம் செய்தேன். நன்றாகத்தான் இருந்தது. பாய் கண்ணாடியை இரண்டு முறை துடைத்தார். “இத்தப் பாக்கறவங்க கண்ணுல தண்ணி நிக்கும்மா. நம்பர் மட்டும் தெரிஞ்சாப் போதும்” என்றார். வெள்ளையில் கருப்பாக ஒரு போன் நம்பர். அதைத் தவிர எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் தேசம்மா வந்தார்.

திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு மீனவர் குப்பம். அந்தக் குப்பத்துப் பெண்கள் நெடுஞ்சாலை ஓரத்தில் கூடை வைத்து மீன் விற்றுக்கொண்டிருந்தார்கள். சாலையை அகலப்படுத்தியபோது அந்த இடம் போய்விட்டது. வேறு இடம் என்று காட்டியது உள்ளே தள்ளி ஒரு ஷெட். அங்கே ஆள் வரவில்லை. ஒரு தொண்டு நிறுவனம் அவர்களைக் குழுவாகச் சேர்த்து, மீனை இணையத்தில் விற்கலாம் என்று எங்கள் கடைக்கு அனுப்பியது. குழுவில் மூத்தவர் தேசம்மா. அவருடைய மருமகள் மகாலட்சுமி போன் பார்த்து ஆர்டர் எழுதுவதாக ஏற்பாடு.

நாற்காலி போட்டும் எல்லோரும் தரையில் உட்கார்ந்துகொண்டார்கள். தேசம்மா பாயைப் பார்த்து, “நைனா, எனுக்கு இந்த கம்ப்யூட்டரு எல்லாம் இன்னான்னு தெர்ல. எங்கிட்ட மீனு வாங்குன ஜனம் ரோட்டுல எங்களத் தேடிகினு கீது. நாங்க உள்ள குந்திகினு கீறோம். அதுங்க கண்ணுல நாங்க படணும். அவ்ளோதான்” என்றார்.

நான் முன்கூட்டியே ஒரு பக்கம் செய்து வைத்திருந்தேன். மீன் என்றாலே எல்லோரும் செய்வதுபோல நீலம். மேலே அலை. தேசம்மா கொஞ்ச நேரம் பார்த்தார்.

“இன்னா பாப்பா, கடலு மேல கடலு கலரே அடிச்சிகீற. இதுல நாங்க எங்க தெரியறது?”

பெண்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. பிறகு அவரே விளக்கினார். கடலில் வலையை விட்டால், அது கிடக்கிற இடம் தெரிவதற்காக மிதவையில் ஒரு கம்பு நட்டு அதில் துணிக்கொடி கட்டுவார்கள். பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் பழைய சேலை. தூரத்திலிருந்து பார்த்தே இது இன்னார் வலை என்று தெரிய வேண்டும். அதனால் ஒரு குடும்பம் கட்டுகிற கலரை இன்னொரு குடும்பம் கட்டாது. நீலத்தையும் கரும்பச்சையையும் யாருமே கட்டமாட்டார்கள், தண்ணீரில் காணாமல் போய்விடும்.

அப்படியானால் தளத்துக்கு என்ன கலர் என்று பாய் கேட்டார். அங்கேதான் சண்டை வந்தது. ஒருத்தி ராணி கலர் என்றாள். “அது உன் வூட்டுக் கொடி, உன் புருசன் வலையில வுழுந்த மீனையா நாங்க விக்கறோம்?” என்று இன்னொருத்தி எழுந்தாள். மஞ்சள் என்றால் அது வேறொரு வீட்டுக் கலர். கருப்பு என்றாலும் அதற்கும் ஆள் இருந்தது. வெளுத்துப் போன சிவப்புக்கு இரண்டு வீடுகள் ஏற்கெனவே வழக்காடிக்கொண்டிருந்தன. பாய் கண்ணாடியைக் கழற்றினார், துடைக்கவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டார். கடைசியில், “விஜயா, நீ கரைக்குப் போய் பாத்துட்டு வாம்மா. யாரும் கட்டாத கலரா ஒண்ணு புடி” என்றார்.

வேலைக்காக நான் தனியாக வெளியே போனது அதுதான் முதல் தடவை. எம்.கே.பி. நகரில் என் வீட்டிலிருந்து பஸ் பிடித்துப் போய்க் குப்பத்துக் கரையில் நின்றேன். போட்டுகளில் கொடிக்கம்புகளைக் கட்டுக் கட்டாகச் சாய்த்து வைத்திருந்தார்கள். வெயிலும் உப்பும் தின்றது போக எஞ்சிய கலர்களைப் பார்த்துக்கொண்டே போனேன். வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவர், “இன்னாமா, சேல பாக்க வந்தியா? நல்லதெல்லாம் வூட்டுல கீது, கிழிஞ்சதுதான் இங்க” என்றார். நான் பதில் சொல்லாமல் நகர்ந்துவிட்டேன். கேட்டிருந்தால் அவரே சொல்லியிருப்பாரோ என்னவோ.

நான் பார்த்தவரையில் ஒரே ஒரு கலர் எந்தக் கம்பிலும் இல்லை. கனகாம்பரம். ஆரஞ்சும் இல்லாமல் ரோஸும் இல்லாமல், பூக்காரியின் கூடையில் இருக்குமே, அந்தக் கலர்.

திரும்பி வந்து அதை வைத்து வேலை செய்தேன். சுத்த வெள்ளையில் மீன் படத்தை வைத்தால் ஆஸ்பத்திரி மாதிரி இருந்தது. வடித்த கஞ்சியின் கலரைப் பரப்பினேன், அதன்மேல் வஞ்சிரமும் வவ்வாலும் உயிரோடு பளபளத்தன. எழுத்துக்குச் சிலேட்டுக் கலர். கனகாம்பரத்தை மீனுக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் சங்கராவின் சிவப்பு மங்கியது. அதனால் படத்திலிருந்து தள்ளி, ‘வாங்க’ என்ற பொத்தானில் மட்டும் வைத்தேன். கருப்பு வெள்ளையில் தனியாகத் தெரிந்தது. மாடி வெயிலில் அந்தக் கீறல் விழுந்த போனில் அது ஒன்றுதான் தெரிந்தது. பாய் பார்த்தார். கண்ணாடிக்குக் கை போகவில்லை. அந்தக் கடையில் நான் சந்தோஷமாக இருந்த நாள் என்று அதைத்தான் சொல்வேன்.

மறுபடி பெண்கள் வந்தார்கள். திரையில் பக்கத்தைத் திறந்தேன். ராணி கலர் கேட்டவள் முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். மகாலட்சுமி எழுந்து படியிறங்கிப் போய்விட்டாள்.

அவள் புருஷன், தேசம்மாவின் இளைய மகன் குமரேசன், சில வருஷங்களுக்கு முன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. தேசம்மாவின் கனகாம்பரச் சேலைதான் அவன் வலைக்குக் கொடி. குப்பத்துப் போட்டுகள் எல்லாம் அந்தக் கலரைத் தேடிக்கொண்டு கடலில் அலைந்தன. கொடி கிடைத்தது. வலையும் அறுபடாமல் அப்படியே கிடைத்தது. போட்டும் அவனும் கிடைக்கவில்லை. கிடைக்காததால் மகாலட்சுமி இன்றும் பொட்டு வைத்துக்கொள்கிறாள். அதன் பிறகு அந்தக் கலரைக் குப்பத்தில் யாரும் கட்டவில்லை. கட்டக்கூடாது என்று யாரும் சொல்லவும் இல்லை.

இதையெல்லாம் அந்த ராணி கலர்ப் பெண்தான் மெதுவாகச் சொன்னாள். நான் மௌஸைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். பாய், “மாத்திடலாம்மா, இப்பவே மாத்திடலாம்” என்றார்.

தேசம்மா எழுந்து திரைக்குப் பக்கத்தில் வந்தார். பொத்தானை விரலால் தொட்டுப் பார்த்தார்.

“இங்கதான் கை வெக்கணுமா பாப்பா?”

“ஆமாம்மா.”

“வெச்சா?”

“உங்களுக்கு ஆர்டர் வரும்.”

அவர் விரலை எடுக்கவில்லை. “அப்ப நாங்க மட்டும் தேடிகினு கெடந்தோம். இப்ப ஊரே இத்தத் தேடி வர்தா? வர்ட்டும். மாத்தாத நைனா. இருந்துட்டுப் போவட்டும்.”

அப்படியே இருந்தது. ஆர்டர்கள் வந்தன. சாலையோரத்தில் வாங்கிக்கொண்டிருந்தவர்கள், “தேசம்மா, நீயா? எங்க பூட்ட?” என்று போனில் கேட்டார்களாம். மகாலட்சுமி கொஞ்ச நாள் அந்தப் பக்கத்தைத் திறக்காமல், நம்பருக்கு வருகிற செய்தியை மட்டும் பார்த்து வேலை செய்தாள். பிறகு திறந்தாள். ஒருமுறை தேசம்மா எங்கள் படியேறி வந்து, சுத்தம் செய்த சங்கரா மீனைப் பாத்திரத்தோடு என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். கடை முழுக்க மீன் வாசம். பாய் அன்றைக்கு வந்த வாடிக்கையாளரிடம், “அது ஒண்ணும் இல்ல சார், நம்ம டிசைனுக்குக் கெடச்ச பரிசு” என்றார்.

அது அதிக நாள் நீடிக்கவில்லை. தொண்டு நிறுவனத்தின் திட்டக் காலம் முடிந்தது. போகும்போது தளத்தை ஒரு மீன் கம்பெனியிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். கம்பெனி தளத்தை நடத்தும், மீனை இந்தப் பெண்களிடமே வாங்கிக்கொள்ளும் என்று பேச்சு. கம்பெனியிலிருந்து ஒரு தம்பி வந்தார். மரியாதையான பையன். என்னிடம் அந்தக் கனகாம்பரத்தின் எண்ணைக் கேட்டார். ஒவ்வொரு கலருக்கும் கம்ப்யூட்டரில் ஓர் எண் உண்டு, அதை அடித்தால் எங்கே வேண்டுமானாலும் அதே கலர் வரும். எழுதிக் கொடுத்தேன். “இந்தக் கலரை மட்டும் என்ன ஆனாலும் மாத்த மாட்டோம்” என்று தேசம்மாவிடம் அவர் சொன்னார். தேசம்மாவுக்கு முகமெல்லாம் மலர்ந்தது. “கேட்டியா பாப்பா, மாத்த மாட்டாங்களாம்” என்று என் கையைப் பிடித்துச் சொன்னார்.

அவர்கள் காப்பாற்றிய பேச்சு அது ஒன்றுதான்.

முதலில், மீன் ஒரே அளவில் இல்லை என்றார்கள். பிறகு, எண்ணூர்ப் பக்கம் ஆலைக் கழிவு கலக்கிற தண்ணீரைப் பற்றி வாடிக்கையாளர்கள் கேட்கிறார்கள் என்றார்கள். பிறகு வேறு ஊர்களிலிருந்து ஐஸ் வண்டியில் மீன் வரத் தொடங்கியது. தளத்தில் இந்தப் பெண்களின் படம் மட்டும் கொஞ்ச நாள் இருந்தது. அப்புறம் அதுவும் இல்லை. கஞ்சிக் கலரும் சிலேட்டுக் கலரும்கூடப் போய்விட்டன. பொத்தான் மட்டும் நின்றது. பிறகு அந்தக் கலர் பொத்தானை விட்டு வெளியே வந்து, வீடுகளுக்கு மீன் கொண்டுபோகிற பையன்களின் சட்டை, தொப்பி, முதுகுப் பை என்று பரவியது. கைக்கலரை இறைக்கக் கூடாது என்பார் பாய். இறைத்தார்கள். மதிப்பு ஒன்றும் குறையவில்லை.

பாய் கடையை மூடினார். சின்ன கம்பெனிகள் எல்லாம் தாங்களே போனில் பக்கம் செய்துகொள்ளத் தொடங்கிவிட்டன, எங்களுக்கு வேலை இல்லை. கடையை மூடிய வருஷமே அவரும் இறந்துபோனார். எனக்கு அறுபது ஆகவில்லை. ஆனாலும் ஓய்வு பெற்றவள் என்றுதான் சொல்லிக்கொள்கிறேன். கேட்கிறவர்களுக்கு அது சுலபமாக இருக்கிறது.

பர்ஸானா போன் செய்த மறுநாள் தேசம்மாவைப் பார்க்கப் போனேன். எழுதுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று தோன்றியது. குப்பத்துக்குப் பக்கத்திலேயே வாரியக் குடியிருப்பில், கீழ்த்தளத்தில் இருக்கிறார். மகாலட்சுமி இறால் உரிக்கிற கம்பெனிக்கு வேலைக்குப் போயிருந்தாள். தேசம்மா வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார். என்னை அடையாளம் தெரிந்தது.

“எழுதிக்கோ பாப்பா, எனுக்கின்னா” என்றார். பிறகு, “ஒண்ணு பண்றியா?” என்றார்.

“சொல்லுங்கம்மா.”

“அந்தக் கலர மாத்தச் சொல்லு.”

நான் அவரைப் பார்த்தேன்.

“கடல்ல அந்தக் கலரத் தேடித் தேடி கண்ணு பழகிப் பூச்சு. இப்ப இன்னாடான்னா, ரோட்டுல பூரா அதான் வருது. தெருமுனையில வண்டி திரும்பும்போது அந்தப் பை தெரியும். ஒரு நிமிசம் நெஞ்சு தூக்கிப் போடும். அப்பால பாத்தா எவனோ எவுனுக்கோ மீனு எடுத்துகினு போறான். ஒரு நாளைக்கு எத்தினி தபா நான் ஏமாறது? நீதான வெச்ச. நீ சொன்னா கேப்பாங்க.”

கேட்கமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் வீட்டுக்கு வந்து அந்தத் தளத்தைத் திறந்தேன். புகார் சொல்வதற்கும் அதே கனகாம்பரப் பொத்தான்தான். அழுத்தினேன். என் ஆர்டர் எண் என்ன என்று கேட்டது. பர்ஸானாவிடம் சொல்லி, அந்த மீன் கம்பெனியில் டிசைன் பார்க்கிற ஒருவரின் நம்பரை வாங்கிப் பேசினேன். அதற்கு முன் தெரியாத ஒருவருக்கு நானாகப் போன் செய்ததாக எனக்கு நினைவில்லை. அவர் பொறுமையாகக் கேட்டார். “மேடம், ஜனங்க எங்களைத் தேடறதே அந்தக் கலரை வெச்சுத்தான். அதை எப்படி மாத்துவாங்க?” என்றார். நான் அவர் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். பலன் தருகிற கலரில் கை வைக்காதே என்றுதான் பாயும் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்.

ஆகவே பர்ஸானா, நீ கேட்டது இதுதான். பரப்புகிற கலர் ஒன்று, எழுத்துக்கு ஒன்று, கைக்கு ஒன்று. கருப்பு வெள்ளையில் பார். வெயிலில் பார். அந்தக் கலர் அதற்கு முன்னால் யாருடையதாக இருந்தது என்று பார்ப்பதற்கு எங்களிடம் முறை எதுவும் இருக்கவில்லை. பார்த்துத் தெரிந்துகொண்ட பிறகும் அதை என்ன செய்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

நேற்று மறுபடி தேசம்மாவிடம் போனேன். போனில் சொல்ல மனம் வரவில்லை. பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே தெருமுனையில் ஒரு வண்டி திரும்பியது. ஓட்டுகிறவன் முதுகில் அந்தப் பை. தேசம்மாவின் கை நாற்காலியின் பிடியை இறுக்கியது. உடம்பு பாதி எழுந்தது. வண்டி எங்களைத் தாண்டி அடுத்த பிளாக்குக்குப் போனது. அவர் மெதுவாக உட்கார்ந்து, முந்தானையைச் சரி செய்துகொண்டார்.

“கேட்டியா? இன்னா சொன்னாங்க?”

“பாக்கறோம்னு சொன்னாங்கம்மா” என்றேன்.

அவர் வண்டி போன பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எம்புள்ள காணாப் போனப்ப ஆபீசருங்களும் அத்தயேதான் சொன்னாங்க” என்றார்.